அவுட்ஹவுஸ் மணி

மல்லேஸ்வரத்தில் வாடகை இல்லாமல் வீடு கிடைக்கிறது என்றால் யாராவது யோசிப்பார்களா? நான் யோசித்தேன். ஒரு வாரம் முழுக்க யோசித்தேன். என் மகள் மமதா என்னைப் பைத்தியம் என்றாள். அவளுக்குப் பதினெட்டு வயது. அந்த வயதில் எனக்கும் என் அம்மா பைத்தியமாகத்தான் தெரிந்தாள்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் பாஞ்சாலி. மல்லேஸ்வரத்தில் கோமளம் அம்மா வீட்டில் பதினாலு வருஷமாகச் சமையல் செய்கிறேன். வேலைக்குச் சேர்ந்தபோது ஸ்ரீராமபுரத்தில் குடியிருந்தோம், நடந்தே வந்துவிடுவேன். மூன்று வருஷத்துக்கு முன் அந்த வீட்டை இடித்துவிட்டு நாலு மாடி கட்ட ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரர் நாகேஷ் வயர்மேன். சந்தாபுரா பக்கம் வேலை கொட்டிக் கிடக்கிறது என்று யாரோ சொல்ல, அங்கே கோவிந்தப்பா என்பவர் வீட்டு மாடியில் இரண்டு அறை பிடித்துக் குடி போனோம். அன்றிலிருந்து விடிகாலை நாலே முக்காலுக்குக் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, ஏழு மணிக்கு மல்லேஸ்வரத்தில் அடுப்பு பற்றவைக்கிறேன். மெட்ரோதான் வந்துவிட்டதே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: கர்நாடகத்தில் பெண்களுக்குப் பஸ் இலவசம், மெட்ரோ இலவசம் இல்லை.

போன மாதம் ஒரு நாள் ரசத்துக்குத் தாளிக்கும்போது நின்றபடியே தூங்கிவிட்டேன். கடுகு கருகி, புகை கூடம் வரைக்கும் போய்விட்டது. கோமளம் அம்மா இருமிக்கொண்டே உள்ளே வந்தார்.

"என்னடி இது, குதிரையாட்டம் நின்னுண்டே தூங்கறே!"

"மழைல ட்ராஃபிக் ஜாம்மா. நேத்து மூணு மணிக்குக் கிளம்பி வீடு போய்ச் சேரவே எட்டு ஆயிடுச்சு."

அம்மா என் முகத்தையே பார்த்தார். பிறகு அடுப்பை அணைத்தார். "பின்னாடி அவுட்ஹவுஸ் சும்மாதானே கிடக்கு. மூணு பேரும் வந்துடுங்கோ. வாடகையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். மமதாவுக்குக் காலேஜும் இங்கேதானே?"

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அம்மாவின் வீட்டுக்காரர் நாணு சார் தலையைத் தூக்காமல் சொன்னார்: "வந்தா நல்லதுதான். காலம்பற ஆறு மணிக்கு மோட்டார் போட ஓர் ஆள் ஆச்சு."

அவர் விதான சௌதா தலைமைச் செயலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். தப்பாக எதுவும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அந்த மோட்டார் காதிலேயே நின்றது.

ஏன் என்று சொல்கிறேன். என் சித்தி அல்சூரில் ஒரு பங்களாவின் அவுட்ஹவுஸில் இருபது வருஷம் இருந்தாள். பெரிய மரம், பெரிய கேட்டு, நல்ல ஜனங்கள். அந்த இருபது வருஷத்தில் அவள் ஒரு வேளைச் சோற்றை உட்கார்ந்து முழுசாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. வாயில் கவளம் போகும்போதுதான் யாராவது கூப்பிடுவார்கள். சந்தாபுராவில் எங்கள் வீடு ஒன்றும் அரண்மனை இல்லை. கீழே லாரி, எதிரே பஞ்சர் கடை. ஆனால் வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டால் நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. காலைச் சுவர்மேல் தூக்கி வைத்துக்கொண்டு டிவி பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் எனக்கு. அந்தத் தாழ்ப்பாளை விட்டு வர எனக்கு மனசே இல்லை.

மமதா விடவில்லை. "காலேஜுக்குப் பத்து நிமிஷம்மா! இப்ப நாலு மணி நேரம் பஸ்லயே போவுது. நீ தாழ்ப்பாளு தாழ்ப்பாளுன்னு சொல்லிக்கினே இரு."

நாகேஷும் அவள் பக்கம்தான். "மல்லேஸ்வரம்னா சும்மாவா? எல்லாம் பாட்டன் காலத்து வயரிங். எலி கடிச்சு வெச்சிருக்கும். ஒரு தெருவுலயே எனக்கு ஆயுசுக்கும் வேலை இருக்குது."

இதற்குள் கோவிந்தப்பா வேறு நெருக்கினார். அவருடைய மச்சான் குடும்பத்தோடு வருகிறாராம், எங்கள் மாடியைக் கேட்கிறாராம். "இர்த்தீரா, பிட்தீரா? இருப்பீங்களா, விடுவீங்களா, ஒண்ணு சொல்லிடும்மா" என்றார். விட்டால் அந்த வீடு திரும்பக் கிடைக்காது. அங்கே நாங்கள் கொடுக்கும் வாடகைக்கு ஒரு மாட்டுக்கொட்டகைகூடத் தேறாது.

கடைசியில் நான் ஒரு வழி சொன்னேன். திங்கள் முதல் ஞாயிறு வரைக்கும் அவுட்ஹவுஸில் இருந்து பார்ப்போம். ஒரு ஸ்டவ், மூன்று பாய், நாலு பாத்திரம் போதும். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குக் கோவிந்தப்பாவுக்கு முடிவைச் சொல்லுவோம். மமதா ஒரு நோட்டில் கடைசிப் பக்கத்தை எடுத்து நடுவில் கோடு போட்டாள். இடது பக்கம் நல்லது, வலது பக்கம் கெட்டது.

முதல் நாளே இடது பக்கம் நிரம்ப ஆரம்பித்தது. காலையில் ஐந்தரை வரைக்கும் தூங்கலாம். எழுந்து வெளியே வந்தால் காற்றில் சம்பங்கி வாசனை. மூலைக் கடையில் காபிக்கொட்டை வறுக்கும் வாசனை. லாரி ஹாரன் இல்லாமல் பொழுது விடிகிறது என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. பாங்கில் ஏதோ கையெழுத்துப் போடப் போன நாகேஷ், விலாசம் மல்லேஸ்வரம் என்றதும் அங்கிருந்தவர் "குத்கொள்ளி சார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டதாக வந்து சொன்னார். நாற்காலியைப் பற்றி மட்டும் மூன்று தடவை சொன்னார்.

வலது பக்கத்தையும் சொல்ல வேண்டும். குளியலறை வெளியே, இருபது அடி தள்ளி. காய்கறிக்காரர் கேரட்டை வைரம் மாதிரி எடுத்துக் காட்டி வைரத்தின் விலையைச் சொன்னார். சாமி படம் மாட்ட மமதா ஆணி அடிக்கப் போனால், சுண்ணாம்புச் சுவர் உள்ளங்கை அளவு பெயர்ந்து விழுந்தது. நாணு சார் ஓடி வந்து, "இது நைன்டீன் தர்ட்டி ஃபோர் சுவர்" என்று சுவரிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் தடவிக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை விடிகாலையில் ஒரு திருடனைப் பிடித்தேன். குரங்குக் குல்லா, நல்ல விலையுள்ள ஷூ, கையில் குடை. குடையின் வளைந்த பிடியால் எங்கள் செம்பருத்திக் கிளையைச் சுவருக்கு வெளியே இழுத்துப் பறித்துக்கொண்டிருந்தார். துடைப்பத்தோடு போய், "யோவ், கேட்டுக்கு வெளியில நின்னுக்கினு இன்னா பண்றே?" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் பயப்படவே இல்லை. "பூஜைகம்மா, பூஜைகே" என்று நிதானமாகப் பதில் சொல்லிவிட்டு இன்னும் இரண்டு பறித்துப் பையில் போட்டார்.

கோமளம் அம்மா உள்ளேயிருந்து வந்து என்னை அடக்கினார். "ஸ்... அவர் ரிட்டயர்டு ஜட்ஜ்டீ! பறிச்சுக்கட்டும் விடு."

"நம்ம பூவும்மா!"

"நம்ம சார் இப்போ எங்கே இருக்கார்னு நினைக்கறே? ஜட்ஜ் ஆத்துப் பவழமல்லியைப் பொறுக்கிண்டு இருக்கார்."

நிஜம்தான். பத்து நிமிஷத்தில் நாணு சார் பிளாஸ்டிக் பையோடு வந்தார், பை நிறையப் பவழமல்லி. பதினாலு வருஷம் ஏழு மணிக்கு வந்த எனக்கு, ஆறு மணிக்கு இந்தத் தெருவில் பெரிய மனுஷர்கள் எல்லோரும் திருடர்கள் என்பது தெரியாமல் போயிற்று. மமதா இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, இடது பக்கமே எழுதச் சொன்னேன்.

புதன்கிழமை பழைய வீடுகளைச் சுற்றிப் பார்க்கும் கூட்டம் ஒன்று வந்தது. தொப்பி போட்ட இருபது பேர். முன்னால் டேரில் என்று ஒரு பையன், சட்டையில் சின்ன மைக். முகப்பின் மேலே கூர்கூராக நிற்கும் மரச்சட்டத்தைக் காட்டி ஏதோ இங்கிலீஷில் சொன்னான். பிறகு பக்கச் சந்தில் நுழைந்து எங்கள் கதவுக்கு எதிரே வந்து நின்றார்கள். நான் நாகேஷின் பனியனைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தேன். பளிச் பளிச்சென்று போட்டோ எடுத்தார்கள்.

"நீங்க இங்கே எத்தனை தலைமுறையா இருக்கீங்க மேடம்?" என்று டேரில் தமிழிலேயே மரியாதையாகக் கேட்டான்.

"முந்தாநாள் வந்தேன்பா" என்றேன்.

அவன் முகம் விழுந்துவிட்டது, பாவம். என்ன மொழிபெயர்த்தானோ, இருபது பேரும் எனக்குக் கைகூப்பினார்கள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். உண்மையான வம்பை இழுத்துவிட்டது என் வீட்டுக்காரர்தான்.

வந்த அன்றைக்கே அவுட்ஹவுஸ் வயரிங்கைப் பார்க்கிறேன் என்று ஏணியில் ஏறினார். எங்கள் கதவுக்கு மேலே உட்புறம் ஒரு பித்தளை மணி இருந்தது, சிலந்தி வலை மூடி. அதிலிருந்து ஒரு வயர் கூரை வழியாகப் பெரிய வீட்டுச் சமையலறைக்குப் போகிறது. அங்கே சுவரில் கறுப்பாக ஒரு பித்தான். அந்தக் காலத்தில் சமையலறையிலிருந்து அமுக்கினால் அவுட்ஹவுஸில் மணி அடிக்கும், வேலைக்காரர் ஓடி வர வேண்டும். அது செத்து நாற்பது வருஷமாகிவிட்டது. பதினாலு வருஷமாக அந்தப் பித்தானில் நான் கரித்துணியைத் தொங்கவிட்டிருந்தேன்.

செத்த வயரைப் பார்த்தால் நாகேஷுக்குச் சோறு இறங்காது. இரண்டு நாள் கூரைமேலேயே கிடந்தார். புதன்கிழமை மத்தியானம் சமையலறைக்கு வந்து, முகமெல்லாம் ஒட்டடையோடு, "அம்மா, அதை அமுக்குங்க" என்றார். கோமளம் அம்மா அமுக்கினார். பின்னாலிருந்து டிர்ர்ர்ரென்று தெருவே கேட்கிற மாதிரி ஒரு சத்தம். அம்மா சின்னக் குழந்தை மாதிரி கையைத் தட்டினார். "என் மாமியார் காலத்து மணின்னா இது! நான் கல்யாணம் ஆகி வந்தப்போ கேட்டது!"

நாகேஷ் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் ஒரு தடவை அடித்தது. ஓடினேன். "சும்மா டெஸ்ட் பண்ணேன்" என்றார் அம்மா. வியாழக்கிழமை ஐந்து தடவை. கண்ணாடி எங்கே, மாத்திரை சாப்பிட்டேனா, வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள் பார். வெள்ளிக்கிழமை ஒன்பது தடவை. மமதா வலது பக்கத்தில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே வந்தாள்.

எனக்குக் கோபம் மூக்கில் ஏறியது. ஆனால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாதித் தடவை அம்மா வேலை சொல்வதற்கே அடிக்கவில்லை. சூடாகப் போண்டா போட்டேன், எடுத்துண்டு போ என்பதற்காக அடித்தார். அவரே போட்டது! எனக்கு லீவு நேரம் என்று அவரே போட்டு, அதைக் கொடுக்க என்னைக் கூப்பிடுகிறார். திட்டினால் திரும்பத் திட்டலாம். போண்டா கொடுக்கிறவரை என்ன செய்வீர்கள்?

"பாவம்மா, தனியா இருக்காங்க. பையன் வெளிநாட்டுல. சார் எப்பவும் பேப்பருக்குள்ள. பேச ஆளு இல்லை" என்று மமதா சொன்னாள்.

"பேசணும்னா இங்க வரட்டும். எவ்ளோ தூரம்? நாப்பது அடி."

"அவங்க எப்படி இங்க வருவாங்க?" என்றாள். அவள் கேட்டது எனக்குச் சுருக்கென்றது. நிஜம்தானே. பதினாலு வருஷத்தில் நான் அந்த வீட்டுக்குள் போகாத மூலை இல்லை. அவர் என் வீட்டு வாசல்படியை மிதித்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குத்தான் சாப்பிட உட்கார்ந்தேன். முதல் கவளத்தை எடுத்தேன், மணி அடித்தது. போய் வந்தேன். இரண்டாவது கவளம், மறுபடியும் மணி. தட்டைப் பார்த்தேன். சோறு காய்ந்து விரைத்திருந்தது. எனக்குச் சட்டென்று சித்தியின் முகம் வந்துவிட்டது. தட்டை எடுத்து மூடி வைத்துவிட்டு, நாகேஷிடம் சொன்னேன்: "ஞாயித்துக்கிழமை சந்தாபுராவுக்குக் கிளம்பறோம். கோவிந்தப்பாவுக்கு இருக்கறோம்னு சொல்லிடு."

"வயரை அறுத்துடட்டா? அறுத்துட்டுப் பழைய வயரு போயிடுச்சுன்னு சொல்லிடறேன்."

"பொய் சொல்ல வேணாம். உனக்கு அதுவும் வராது."

மமதா நோட்டை மூடி வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் அழுதது எனக்குத் தெரியும். அதற்காகவே ஞாயிறு வரைக்கும் பொறுத்துப் பார்க்கிறேன் என்று சொல்லிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. நாகேஷ் யஷ்வந்த்பூர் போய் மீன் வாங்கி வந்தார். வந்த அன்றைக்கே இதைப் பற்றி அம்மாவிடம் கேட்டிருந்தேன். அவர் முகத்தைக் கொஞ்சம் சுளித்துக்கொண்டு, "உங்க சாப்பாடு உங்க இஷ்டம். ஜன்னலை மட்டும் சாத்திக்கோ" என்று சொல்லியிருந்தார். அதனால் ஜன்னலைச் சாத்தி, வேர்க்க விறுவிறுக்க நின்று குழம்பு கொதிக்க வைத்தேன். புளியும் மிளகாயும் தூக்கலாக, வாசனை அருமையாக வந்தது. மணி பதினொன்றரை.

டிர்ர்ர்ர்.

மூன்று பேரும் தலையைத் தூக்கி மணியைப் பார்த்தோம். நான் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

டிர்ர்ர்ர். டிர்ர்ர்ர்.

"இன்னாம்மே, போவலியா?" என்றார் நாகேஷ் மெல்ல.

"இன்னிக்கு எனக்கு லீவு. நான் வரமாட்டேன்" என்று மணியிடமே சொன்னேன்.

மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை விடாமல் நீளமாக. பிறகு நின்றது. நின்றதும்தான் எனக்கு அம்மாவின் வயசு நினைவுக்கு வந்தது. எழுபது வயது. வழுக்குகிற சிவப்புத் தரை. ஒருவேளை விழுந்துவிட்டாரா? விழுந்து, கைக்கு எட்டின பித்தானைத்தான் அமுக்கினாரா? அதே சமயம் பட்டென்று கரண்ட் போய்விட்டது. ஜன்னல் சாத்தியிருந்த இருட்டில் மமதா "அம்மா!" என்று கத்தினாள். நான் மீன் குழம்புக் கரண்டியோடு வெளியே ஓடினேன்.

துவைக்கிற கல் பக்கத்தில் கோமளம் அம்மா வந்துகொண்டிருந்தார். செருப்பு இல்லை. தலை அவிழ்ந்திருந்தது. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் துணி துவைக்கிற மரக்கட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தார். என்னை அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"உயிரோட இருக்கியாடி!" என்று கத்தினார்.

"எனக்கு என்னம்மா?"

"நாலு தடவை அடிச்சும் வரலையே! உங்காத்துக்காரன் பண்ணின வயர்ல மூணு பேரும் ஷாக் அடிச்சுக் கிடக்கறேளோன்னு... மரக்கட்டையாலதான் தள்ளணும்னு சொல்லுவா, அதான் எடுத்துண்டு வந்தேன். சார் மெயினை ஆஃப் பண்ணப் போயிருக்கார்." அவருக்கு மூச்சு வாங்கியது.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கல்லின்மேல் அவரை உட்கார வைத்தேன். "நான் நீங்க விழுந்துட்டீங்கன்னு ஓடி வரேன், நீங்க நான் செத்துட்டேன்னு ஓடி வரீங்க. எதுக்கும்மா அடிச்சீங்க?"

அவர் கட்டையை மடியில் வைத்துக்கொண்டார். "இன்னிக்குத்தானே முடிவு சொல்றேன்னே? இருக்கப் போறியா, போகப் போறியான்னு கேக்கத்தான்."

அதற்குமேல் மனசில் வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"அம்மா, நான் உங்க வீட்ல சமைக்கிறவ. ஏழு மணிலேர்ந்து மூணு மணி வரைக்கும் நீங்க கூப்பிட்டா ஓடி வரேன். அதுக்கப்புறமும் மணி அடிச்சா ஓடி வரணும்னா, நான் எப்பத்தான் என் வீட்ல இருக்கறது? இங்க எல்லாமே நல்லா இருக்குது. பூ நல்லா இருக்குது, காத்து நல்லா இருக்குது, பொண்ணு சந்தோஷமா காலேஜ் போறா. ஆனா ஒரு வாய் சோறு முழுசா உள்ள போவல. வாடகை வாங்கிக்கங்க. என் கதவு என் கதவா இருக்கட்டும். அப்டின்னா இருக்கறேன்."

"அப்போ எனக்கு உன்னைப் பார்க்கணும்னா?"

"வந்து கதவைத் தட்டுங்க."

அதற்குள் நாகேஷ் வந்துவிட்டார். எந்த நேரத்தில் எதைப் பேசுவது என்று அந்த மனுஷனுக்குத் தெரியவே தெரியாது. "தட்ட வேணாம்மா, கை வலிக்கும். பித்தானை அங்கேர்ந்து பிடுங்கி எங்க வாசல்ல வெளிய வெச்சிடறேன். வந்து அமுக்குங்க, உள்ள அடிக்கும்" என்றார்.

கோமளம் அம்மா எழுந்து நின்றார். முகம் சிவந்துவிட்டது. "என் மாமனார் கட்டின அவுட்ஹவுஸ் வாசல்ல, நான் மணி அடிச்சுண்டு நிக்கணுமா? நன்னா இருக்குடா நியாயம்!" கட்டையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், வந்த வழியே போய்விட்டார்.

அவ்வளவுதான் என்று நினைத்தேன். மீன் குழம்பு ஆறிப்போனது. மூன்று பேரும் சாப்பிட்டோம். குழம்பு நன்றாகத்தான் இருந்தது, யாருக்கும் ருசிக்கவில்லை. நான் பாத்திரங்களைக் கழுவிச் சாக்கில் கட்டினேன். மமதா தன் புத்தகங்களை அடுக்கினாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நாகேஷ் மட்டும் கேட்கவில்லை. "போறதுக்கு முன்னாடி வேலையை முடிச்சுட்டுப் போறேன். அரைகுறையா விட்டா என் பேரு கெட்டுடும்" என்று பெரிய வீட்டுச் சமையலறைக்குப் போனார். நாணு சாரே ஏணியைப் பிடித்துக்கொண்டாராம். கோமளம் அம்மா கூடத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாராம். நாகேஷ் அந்தக் கறுப்புப் பித்தானைக் கழற்றி, துடைத்து, எங்கள் வாசலில் கதவுக்கு வெளியே வலது பக்கம் வைத்தார். சுண்ணாம்புச் சுவர் இந்தத் தடவை பெயரவில்லை.

நாலரைக்குக் கோவிந்தப்பா போன் செய்தார். "ஏனம்மா, மச்சான் வந்து உக்காந்திருக்கான். என்ன சொல்லட்டும்?"

"ஆறு மணின்னுதானே சொன்னேன்? ஆறுக்குச் சொல்றேன்" என்றேன். எதற்காக அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பிடித்து வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஐந்து மணி ஆயிற்று. ஐந்தே கால். சாக்கின்மேல் உட்கார்ந்துகொண்டு, தாழ்ப்பாள் போட்ட கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வாரம் முழுக்க அந்தத் தாழ்ப்பாளைப் போட்டதே இல்லை. இப்போது போட்டிருக்கிறேன், ஆனால் கிளம்பப் போகிறேன். என்ன பிழைப்பு இது என்று எனக்கே எரிச்சலாக வந்தது.

ஐந்தரைக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. மெதுவாக வந்தது, கதவுக்கு வெளியே நின்றது. நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வெளியே யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பிறகு ஒன்றும் இல்லை. பித்தானுக்கும் விரலுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருந்ததோ, அதைக் கடக்க ஒரு நிமிஷம் பிடித்தது.

டிர்ர்.

சின்னதாக, கூச்சத்தோடு ஒரு தடவை.

மமதா துள்ளி எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். சாக்கிலிருந்து எழுந்து, புடவையை உதறிச் சரி செய்தேன், முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். கதவருகே போய் நின்றேன். வெளியே நிற்பது யார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் எனக்குத் தெரியும் என்பது தெரியும். இருந்தாலும் கேட்டேன்.

"யாரு?"

வெளியே சத்தமே இல்லை. திரும்பிப் போய்விட்டார் என்றே நினைத்தேன்.

"நான்தான்" என்றது குரல். கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னது: "பக்கத்தாத்துக் கோமளம்."

தாழ்ப்பாளை விலக்கிக் கதவைத் திறந்தேன். தலையை வாரிக்கொண்டு, பட்டுக்கரைப் புடவை கட்டிக்கொண்டு, யாரோ வீட்டுக்கு முதல் தடவை போகிறவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள வாங்கம்மா" என்றேன். "மமதா, சாக்கைப் பிரிச்சு அந்த டம்ளரை எடு. காபி போடணும்."